எரிகோவின் மதிலும் எங்கள் குளியலறைச் சுவரும்

பிள்ளைகளே, தொண்ணூறுகளில் பாறசாலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் குளியலறை கட்ட ஒரு கொத்தனார் வந்தார். மெலிந்த மனிதர், புருவமெல்லாம் சிமென்ட் தூசி. ஒவ்வொரு கல்லையும் வைத்ததும் ஒரு கண்ணை மூடி, சுவரிடம் ஏதோ கேட்பவர்போலத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். அவர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர். எங்கள் வேதக் கதைகள் அவருக்குத் தெரியாது.

சுவர்கள் எழும்பி முடிந்த அன்று, சாயங்காலக் குடும்ப ஜெபத்துக்கு வேதத்தில் வரும் எரிகோ பட்டணத்தின் கதை. உட்கார்ந்து வாசித்தால், அப்போது சின்னவர்களாக இருந்த என் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அதனால் பப்பாளி இலைத் தண்டில் குழல் செய்து கொடுத்து, புதுச் சுவர்களைச் சுற்றி நடக்கவைத்தேன்.

கைகால் கழுவிக்கொண்டிருந்த கொத்தனார், "என்ன மக்கா ஊர்வலம்?" என்றார்.

"ஏழு தடவ சுத்திட்டு சத்தம் போட்டா மதில் விழுந்திரும், மாமா," என்றாள் மகள்.

"யாரு சொன்னா?"

"வேதப்புஸ்தகத்துல உண்டு."

அவர் என்னிடம் திரும்பினார். "உள்ளதுதானா அண்ணே?"

"உள்ளதாக்கும்," என்றேன்.

"பின்ன வேற சுவரு கிடைக்கலியா? சாந்து இன்னும் காயல்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஏழாவது சுற்றில் பிள்ளைகள் குழல் ஊதி அல்லேலூயா என்று கத்தியபோது, அவர் கதவில்லாத வாசல் வழியாக உள்ளே போய், இரண்டு கைகளையும் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார். சத்தம் ஓய்ந்த பிறகுதான் வெளியே வந்தார்.

கதை மெய் என்று சொன்னவன் நான். சுவர் விழாது என்று நிச்சயமாக இருந்தவனும் நான்தான். எங்கள் இருவரில் யார் அதை நம்பியது என்று இன்றும் யோசிக்கிறேன்.