என் மேடையில் என் வீட்டுக்காரர்

இருபது வருஷமாக நாடகம்தான் எனக்குத் தொழில். நடிப்பேன், நாட்டுப்புறப் பாட்டுப் பாடுவேன், முகமூடிகளையும் நானே செய்வேன். மதுரை, பாண்டிச்சேரி என்று நாடகப் பட்டறைகளில் அலைந்து கற்றது. சங்கரன்கோவிலில் நாலு விசைத்தறி ஓட்டும் என் வீட்டுக்காரர் இதற்கெல்லாம் குறுக்கே நின்றதில்லை. நிகழ்ச்சி இருந்தால் தறியை நிறுத்திவிட்டு எங்கள் வேனை ஓட்டி வருவார். மேடைக்கு அப்பால் நின்று டீ குடிப்பார். அவ்வளவுதான்.

போன வருஷம் வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விழா. வில்லுப்பாட்டும் நாடகமும் கலந்து செய்வதாக இருந்தோம். வில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடம் அடிப்பவர் காலையில் வயிற்றுக்கடுப்பு என்று படுத்துவிட்டார்.

“நான் வேணா உக்காரட்டா? உங்க ஒத்திகைய எத்தன நாள் கேட்டிருக்கேன்” என்றார் வேனை ஓட்டி வந்த என் வீட்டுக்காரர்.

வேறு வழியில்லாமல் உட்கார வைத்தேன். தாளம் கொஞ்சமும் பிசகவில்லை. அதுகூடப் பரவாயில்லை. கதையில் ராணி பட்டினி கிடக்கும் கட்டம் வந்தது. என் குரல் மெல்ல உடைந்து அழுகையாக மாறும் இடம் அது. அதற்காக வருஷக்கணக்கில் பாடுபட்டிருக்கிறேன். “மூணு நாளா அன்னந்தண்ணி இல்லாம கெடந்தா” என்று நான் நிறுத்தியதும், இவர் குடத்தைத் தடவிக்கொண்டே, “வீட்டுக்காரன் ஒரு உப்புமாவாவது கிண்டியிருக்கலாம்லா?” என்றார்.

பள்ளிக்கூடமே சிரித்தது. கைதட்டல் அடங்கவில்லை. நானும் சிரித்து வைத்தேன்.

முடிந்ததும் தலைமையாசிரியர் நேரே இவரிடம் வந்தார். “அண்ணாச்சி, எத்தன வருஷமா மேடையில இருக்கீக?”

“இன்னைக்குத்தான் சார்.”

அந்தப் பதில் எனக்குள் போய்ச் சுட்டது. அடுத்த நிகழ்ச்சி திருவேங்கடத்தில். “குடக்காரருக்குச் சரியாயிருச்சு, நீங்க வேண்டாம்” என்றேன். “சரிட்டி” என்று வேன் சாவியை எடுத்துக்கொண்டார்.

அங்கே விழா நடத்திய பெண் வாசலிலேயே கேட்டாள். “உப்புமா அண்ணாச்சி வரலையாக்கா? அந்தப் பள்ளிக்கூட வீடியோவுல பாத்து விழுந்து விழுந்து சிரிச்சோம்.”

“அவருக்குக் காய்ச்சல்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், முகமூடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவர் பின்னால் நிற்கிறார்.

திரும்பும்போது குழுவினர் எல்லாரும் இறங்கிய பிறகுதான் கேட்டார். “எனக்கு எப்பம் காய்ச்சல் வந்துச்சுட்டி?”

“பொறாமைங்க” என்றேன். “நான் இருபது வருஷம் தொண்டை கிழியப் பாடுனேன். நீங்க ஒத்த வார்த்தையில கைதட்டல வாங்கிட்டீங்க.”

“எனக்கு இதெல்லாம் எதுக்கு, நீயே பாடு” என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். “ஆசையில்லன்னு சொன்னா நீ சந்தோசப்படுவ. ஆனா ஆச வந்துட்டுதே. அன்னைக்கிலேர்ந்து தறியில நிக்கும்போதெல்லாம் அந்தக் கைதட்டுதான் கேக்குது.”

அந்த ஆசை எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டு நாடகத்துக்கு ஓடியவள் நான். “சரி, வாங்க” என்றேன். இப்போது பாதி நிகழ்ச்சிகளில் அவர்தான் குடம். ஜனங்கள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது.

போன வாரம், நான் பாடும் தாலாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். எனக்கு உயிரான பாட்டு அது. வேறொன்றைச் சொல்லிக்கொடுத்தேன்.