சாபத்தை மொழிபெயர்த்த வழக்கு

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த கடைசி வருடங்களில்தான் பேஸ்புக் வழக்குகள் வரத் தொடங்கின. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதில் ஒன்றை எழுதுகிறேன்.

நானுஓயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செல்வராணியும் அவர் மகளும் கொழுந்து பறித்தார்கள். ஒருநாள் மலையில் மகளைக் குளவிகள் கொட்டிவிட்டன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டதற்கு, கொழுந்து ஏற்றி முடியட்டும் என்றார் தோட்டத்துத் துரை, அதாவது மேலாளர். மகள் வழியிலேயே இறந்துபோனாள்.

காரியம் முடிந்த மறுநாள், எல்லாரும் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் செல்வராணி துரையின் பங்களாவைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினார்.

"எம் வயிறு எரியிற மாதிரி ஒன் பங்களாவும் பத்தி எரியும்! நீ நல்லாருக்க மாட்ட!"

யாரோ அதைப் போனில் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டார்கள். "கொளுத்துங்க" என்று முகம் தெரியாதவர்கள் கீழே எழுதினார்கள். அந்த வாரமே பங்களாவுக்குள் பெட்ரோல் போத்தல் ஒன்று விழுந்தது. துரை அப்போது அங்கே இல்லை. சமையல்காரர் முத்தையாவின் முகம் வெந்துபோனது. அவரும் செல்வராணி குடியிருந்த அதே லயத்து வீட்டு வரிசைக்காரர்தான். வீசியவன் அகப்படவில்லை. தூண்டிவிட்ட குற்றத்துக்குச் செல்வராணியைப் பிடித்தார்கள்.

பொலிஸின் சிங்கள மொழிபெயர்ப்பில் "உன் பங்களாவை எரிப்பேன்" என்றிருந்தது. நீதவான் என்னைச் சரிபார்க்கச் சொன்னார்.

"எரிப்பேன் இல்லை, எரியும் என்றுதான் சொல்லியிருக்கிறார். வயிற்றெரிச்சலில் விடும் சாபம் அது" என்றேன்.

"எப்படிச் சொன்னால் என்ன, எரிந்துவிட்டதே" என்றார் பொலிஸ் அதிகாரி. நான் திருத்தத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த விசாரணைத் தவணைக்கு முத்தையாவும் வந்திருந்தார். செல்வராணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குற்றவாளியா, சுற்றவாளியா என்று நீதவான் கேட்டதைத் தமிழில் சொன்னேன். சுற்றவாளி என்றால் குற்றம் செய்யாதவர் என்றும் விளக்கினேன். அப்படிச் சொல்லும்படிதான் செல்வராணிக்காக வாதாடிய சட்டத்தரணியும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"நான் சாமிகிட்டதாங்கய்யா சொன்னேன். வேற யாரோ கேட்டுட்டாங்க. அண்ணன் மூஞ்சியப் பாத்துட்டு எப்புடிங்க இல்லன்னு சொல்றது? குற்றவாளின்னே சொல்லிருங்க."

"வேணாம் தங்கச்சி" என்றார் முத்தையா, பின்வாங்கிலிருந்து. நீதிமன்றத்தில் பேசக்கூடாது என்று அவரை அதட்டி உட்காரவைத்தார்கள்.

செல்வராணி சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். செல்வராணி சிறைக்குப் போனார். லொறி மறுத்ததற்கு யார் மீதும் வழக்கு வரவில்லை.

சாபம் வேறு, மிரட்டல் வேறு. அந்த வித்தியாசத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்க்கப் பழகுங்கள். அது யாரையாவது காப்பாற்றிவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள்.