ஆறாவது பாட்டும் செத்தவீட்டு அறிவித்தலும்

நான் வீட்டில ஒரு பாட்டைப் போட்டால் பக்கத்து வீட்டு அக்கா அடுப்பை அணைச்சுப்போட்டு ஓடி வருவா. ரசிக்கிறதுக்கு இல்லை. "யாருங்க தவறிட்டாங்க?" எண்டு கேக்கிறதுக்கு.

இதுக்கு முழுக் காரணமும் என்ர மனுசன். அவரை ஏச முதல், அந்தப் பாட்டு எனக்கு எப்பிடி வந்து சேந்தது எண்டு சொல்லோணும்.

நான் கண்ணிவெடி அகற்றுற வேலை செய்யிறன். மாங்குளம் சந்தியில வெள்ளன வாகனம் வந்து எங்களை ஏத்திக்கொண்டு போகும். காட்டுக்குள்ள கயிறு கட்டிப் பிரிச்ச ஒடுங்கின பாதையள், ஆளுக்கொண்டு. முகத்தை மூடின கண்ணாடியோட முழங்காலில இருந்து, கருவியை நிலத்துக்கு மேலால மெல்ல ஆட்டிக்கொண்டு போறது. காதுக்குள்ள அது ஒரே சுதியில ஊளையிடும். சுதி மாறினால் நிப்பாட்டி, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டிப் பாக்கோணும். அனேகமா ஆணியாயிருக்கும், இல்லாட்டி மீன் ரின் தகர மூடியாயிருக்கும். அதுக்காகச் சும்மா விடேலாது. கண்ணை விடக் காதுதான் இந்த வேலைக்கு முக்கியம்.

எங்களுக்குப் பயிற்சி தந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் வேலை முடிஞ்சு தன்ர நாட்டுக்குப் போகேக்கை, சாமானெல்லாத்தையும் எங்களுக்குப் பிரிச்சுக் குடுத்தார். ஒருத்திக்கு மழைச்சட்டை, ஒருத்திக்குச் சுடுதண்ணிப் போத்தல். எனக்கு ஒரு சின்ன ஸ்பீக்கரும் பென் ட்ரைவும். "ஒரு பாட்டு ஒரு பாட்டாக் கேக்கக் கூடாது. முதல்ல இருந்து கடைசி மட்டும் கேக்கோணும்" எண்டு தனக்குத் தெரிஞ்ச தமிழில சொன்னார். நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டினன். எனக்குச் சுடுதண்ணிப் போத்தல்லதான் கண்.

வீட்ட கொண்டுவந்து போட்டுப் பாத்தால், ஒண்டுக்கும் பேர் இல்லை. எல்லாம் இலக்கம். ஆர் பாடினது, எந்த நாடு, இண்டைக்கு மட்டும் எனக்குத் தெரியாது. போனைப் பிடிச்சால் பேர் சொல்லுமெண்டு வேலையில ஒருத்தி சொன்னவ. நான் வேண்டாமெண்டிட்டன். அதுக்கிடையில பாட்டு அல்பத்துக்கெல்லாம் நானே பேர் வைச்சிட்டன்.

முதல் கேட்டது "கோபக்காரி". ஒரு பெட்டை பாடுறாள், பின்னால ஒரு கிற்றார், ஒரு ட்ரம், அவ்வளவுதான். முதல்நாள் கிரைண்டருக்குள்ள கல்லு விழுந்த மாதிரிக் கிடந்தது. கோதாரி எண்டு நிப்பாட்டிப்போட்டு மீன் வெட்டப் போனன். கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்பக் கேக்கேக்கைதான் பிடிபட்டது. அவள் கத்தினால் கிற்றார் அடங்குது, அவள் அடங்கினால் அது எழும்பிக் கத்துது. நானும் இவரும் சண்டை பிடிக்கிறதும் அப்பிடித்தான். அதுக்குப் பிறகு அவளை எனக்கு நல்லாப் பிடிச்சுக்கொண்டது.

அடுத்தது "மாரிமழை". நாலைஞ்சு கிற்றாரை ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி வைச்சிருக்கிறாங்கள். பாடுறவன்ர குரல் அடியில கிடந்து வருது. கேட்ட ஆக்களெல்லாம் இரைச்சல் எண்டாங்கள். எனக்கு அது ஒரு கரைச்சலும் தரேல்லை. ஊளைக்குள்ள இருந்து மெல்லிய மாற்றத்தைக் கண்டுபிடிக்கத்தானே எனக்குச் சம்பளம் தாறாங்கள்! அந்த இரைச்சலுக்குள்ள ஒரு சின்ன மெட்டு ஒளிச்சிருக்கு. தகரக் கூரையில மழை கொட்டேக்கை போட்டுக் கேட்டுப் பாருங்கோ, அப்ப தெரியும்.

மூண்டாவது "கதிரை". ஆரோ ஒருத்தர் தன்ர வீட்டில தனிய இருந்து பாடினது. இருக்கேக்கை கதிரை கிறீச்சிடும். நடுவில எங்கையோ நாய் குலைக்கும். ஒண்டையும் வெட்டி எறியேல்லை. இந்த மாதிரிப் பாட்டுக் கேக்கத் தொடங்கிற ஆக்களுக்கு நான் கதிரையில இருந்துதான் தொடங்கச் சொல்லுவன். கோபக்காரியைப் பிறகு பழகலாம்.

கதிரையில ஆறாவது பாட்டுக்குச் சொல்லு இல்லை. முதல்ல கதிரைச் சத்தம், பிறகு ஒரேயொரு கிற்றார், கூடவே அவர் காலால நிலத்தில தட்டுறது. வேலையால வந்து, மேல் கழுவி, பிளேன்ரீயும் ஊத்திக்கொண்டு வந்து முற்றத்தில இருக்க, அந்தப் பாட்டு வரும். கையும் காலும் கிடந்த மாதிரியே கிடக்கு, இண்டைக்கும் வந்து சேந்திட்டன் எண்டு அப்பதான் எனக்கு உறைக்கும். வேற ஒரு பாட்டிலயும் அது எனக்கு வாறேல்லை.

இனி என்ர மனுசன்ர கதைக்கு வாறன். இவர் சவுண்ட் சேர்விஸ் வைச்சிருக்கிறார். கலியாணவீடு, கோயில் திருவிழா, எல்லாத்துக்கும் ஸ்பீக்கரும் கதிரையும் பந்தலும் இவற்றதான். செத்தவீடு எண்டால் ஓட்டோவுக்கு மேல ஹோர்ன் கட்டி, ஊர் ஊராப் போய் அறிவிக்கிறதும் இவர்தான். கொஞ்சம் சோக வாத்தியம், பிறகு "அன்னாரின் இறுதிக்கிரியைகள்" எண்டு இவற்ற குரல், பிறகு திரும்ப வாத்தியம். எங்கட பக்கம் செத்தவீட்டுக்கு ஆரும் வந்து கூப்பிடுறேல்லை. காதில விழுந்தால் போகோணும், விழாட்டிப் போகத் தேவையில்லை. அதால அந்த ஓட்டோதான் எல்லாம்.

ஒருநாள் வேலையால வாகனத்தில வந்துகொண்டிருக்கிறன், ஒட்டுசுட்டான் றோட்டில எங்கட ஓட்டோ எதிர வருது. ஹோர்னில என்ர கதிரை கிறீச்சிடுது! ஆறாவது பாட்டு! அதுக்கு மேல என்ர மனுசன் ஆரோ ஒரு ஐயாவின்ர மக்களையும் மருமக்களையும் வாசிச்சுக்கொண்டு போறார். எனக்கு விசர் பிடிச்ச மாதிரிப் போச்சு.

"இஞ்சருங்கோ, ஆரைக் கேட்டு அதை எடுத்தனீங்கள்?" எண்டு படலையிலயே தொடங்கினன்.

"ஏனப்பா, பழைய வயலின் தேஞ்சு போச்சு. இது நல்ல சோகமாக் கிடக்கு. ஒருத்தரும் இடையில பாடுறேல்லை, எனக்குக் கதைக்க வசதி."

"அது சோகப் பாட்டு இல்லை!"

"பின்னை என்ன பாட்டு?"

அது நான் உயிரோட வந்து சேந்த பாட்டு எண்டு மனுசனுக்கு எப்பிடிச் சொல்லுறது? குசினிக்குள்ள போய்ச் சட்டியை அடிச்சு வைச்சன். அடுத்த செத்தவீட்டுக்கும் அதுதான் போனது, அதுக்கடுத்ததுக்கும் அதுதான். தண்ணீரூற்று எண்ட ஊரில இருக்கிற இவற்ற மச்சாள்கூடப் போன் எடுத்து, புது வாத்தியம் நெஞ்சைப் பிழியுது எண்டு புகழ்ந்தா.

பிறகென்ன, வீட்டில போடேலாமல் போச்சு. போட்டால் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வருவா. றோட்டால போறவை சைக்கிளால இறங்கி, எங்கட வீட்டை ஒருமாதிரிப் பாப்பினம். இயர்போனில கேளுமன் எண்டார் இவர். நாள் முழுக்கக் கருவியின்ர சத்தத்தைக் காதில கொழுவிக்கொண்டு இருந்திட்டு வாறவளுக்குத் திரும்பக் காதை அடைக்கச் சொல்லுறார்! ஆறாவதைத் தாண்டி ஏழாவதைப் போட்டுப் பாத்தன். சோத்தில உப்பு விட்டுப்போன மாதிரி இருந்தது. கவலையாயும் இருந்தது. ஒரு பாட்டுக்காக அழுறியோ எண்டு கேப்பினம் எண்டுதான் அழேல்லை.

கடைசியா நான் இவரோட கதைக்கிறதை நிப்பாட்டினாப் பிறகுதான் மனுசன் இறங்கி வந்தார். எங்கையோ ஒரு புல்லாங்குழலைத் தேடி எடுத்து, இனிச் செத்தவீட்டுக்கு இதுதான் எண்டார்.

அண்டைக்கே முற்றத்தில கதிரையைத் தொடக்கத்தில இருந்து போட்டன். அக்கா வழமை போல ஓடி வந்தா. ஒருத்தரும் சாகேல்லை, சும்மா இருந்து கேளுங்கோ எண்டு இருக்க ஒரு கதிரையை இழுத்துப் போட்டன். முடியுமட்டும் இருந்து கேட்டிட்டு, "சாவு இல்லன்னா நல்லாத்தாங்க இருக்கு" எண்டா. நான் சிரிச்ச சிரிப்பில தேத்தண்ணி புரையேறிப் போச்சு.

அதுக்குப் பிறகு அவ அடிக்கடி வருவா. வேலிக்கு அங்கால அவவின்ர அப்பா படுக்கையில கிடந்தார். "கொஞ்சம் சத்தமா வைங்க, அப்பாவுக்கும் கேக்கட்டும்" எண்டுவா. அவையள் மலைநாட்டில இருந்து வந்து இஞ்ச காடு வெட்டிக் குடியேறின ஆக்கள். எங்கட ஒழுங்கையில பாதிக் கிணறு அந்த ஐயா இறங்கி வெட்டினது.

அந்த ஐயாதான் பிறகு செத்தது.

அடுத்தநாள் பின்னேரம் எடுக்கிறதெண்டு முடிவு. சொந்தக்காரர் ஹட்டன் பக்கத்தில இருந்து வரோணும். இவர் பந்தல் போட்டு, கதிரையெல்லாத்தையும் பரப்பி வைச்சிட்டு, காலமை ஓட்டோவை எடுத்துக்கொண்டு அறிவிக்கப் போனார். நானும் லீவு போட்டிட்டு அங்கதான் நிண்டன்.

மத்தியானம் ஆகியும் சனம் இல்லை. எங்கட ஒழுங்கை ஆக்கள் மட்டும்தான். கதிரையள் வெறுமையாக் கிடந்தது. அக்கா அப்பாவின்ர தலைமாட்டில இருந்துகொண்டு படலையையே பாத்துக்கொண்டிருந்தா. பிறகு என்ர கையைப் பிடிச்சு, "யாருமே வரலைங்களே. இத்தனை வருசம் இருந்தும் நாங்க இந்த ஊருக்கு வேத்தாளுங்கதானே" எண்டா. அப்பிடி இல்லை அக்கா எண்டன். ஆனால் ஏன் வரேல்லை எண்டு எனக்கும் விளங்கேல்லை.

தேயிலை முடிஞ்சு போச்செண்டு சந்திக் கடைக்கு ஓடினன். அங்க கடை வைச்சிருக்கிற முஸ்லிம் நானா, "என்ன தங்கச்சி, வீட்டில விசேசமா?" எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டார். அவற்ற கிணறும் அந்த ஐயா வெட்டினதுதான்.

"நானா, கிணறு வெட்டுற ஐயா செத்திட்டாரெல்லோ!"

"அல்லாவே! எப்ப மௌத்தானவர்? எனக்குத் தெரியாதே!"

"காலமை ஓட்டோ போனது கேக்கேல்லையோ?"

"ஒரு ஓட்டோ போனதுதான். குழல் ஊதிக்கொண்டு போனது. ஐஸ்கிறீம்காரன் எண்டெல்லோ நினைச்சன்! உங்கட அந்தக் கிற்றார் கேட்டால்தானே நாங்கள் றோட்டுக்கு இறங்கிறது."

நான் தேயிலையை வாங்கினனோ விட்டனோ தெரியாது. நெல்லு வெட்டுமெசின் ஓடுற காலம், வயல் முழுக்க இரைச்சல். அதுக்குள்ள ஆருக்குச் சொல்லு விளங்கும்? சனம் மெட்டைத்தான் பழகி வைச்சிருக்கு, புல்லாங்குழலோட ஓட்டோ போனது இதுதான் முதல்தரம். நான் அதைப் பிடுங்கி வைச்சுக்கொண்டு முற்றத்தில தேத்தண்ணி குடிக்கிறன்.

வீட்ட ஓடிப்போய்ப் பென் ட்ரைவை எடுத்துக்கொண்டு வந்து, அறிவிச்சு முடிச்சுப் பந்தலடியில நிண்ட இவற்ற கையில வைச்சன். "ஆறாவதைப் போடுங்கோ. திரும்ப ஒருக்காப் போவம்."

"நீர்தானே வேண்டாமெண்டனீர்."

"நியாயம் பிறகு கதைப்பம், இப்ப ஏறுங்கோ!" நானும் பின்னால ஏறினன்.

கதிரை கிறீச்சிட்டது. முதல் வளைவிலயே ஓடிக்கொண்டிருந்த ஒரு வெட்டுமெசின் நிண்டது. அடுத்த வயலில இன்னொண்டு நிண்டது. தொப்பியைக் கழட்டிக்கொண்டு ஆம்பிளையள் வரம்பில ஏறி வந்தினம். கை கழுவாமல் பொம்பிளையள் படலைக்கு வந்தினம். சந்தியில நானா கடைக் கதவைச் சாத்திக்கொண்டு நிண்டார். இவற்ற குரல் ஒவ்வொரு சொல்லாப் போய் விழுந்தது. அந்தப் பாட்டை ஒரு ஊரே நிண்டு கேக்கிறதை நான் அண்டைக்குத்தான் பாத்தன். எனக்கு அழுகை வந்திட்டுது. பாட்டுக்காகவோ ஐயாவுக்காகவோ தெரியேல்லை.

எடுக்கிற நேரம் கதிரை காணாமல் சனம் றோட்டு வரைக்கும் நிண்டது. கொஞ்சப் பேர் வயல் சேறு காயாத காலோட வந்திருந்தினம். ஐயாவைத் தூக்க நீயா நானா எண்டு தோள் குடுத்தாங்கள். அக்கா அழுதழுது சனத்தைப் பாத்தா. பிறகு என்னட்டை வந்து, "அந்தப் பாட்டு இங்க வரைக்கும் கேட்டுச்சுங்க. அப்பா கேட்ட பாட்டுதானே" எண்டா.

அண்டையில இருந்து செத்தவீட்டு அறிவித்தலுக்கு ஆறாவதுதான். நானே இவருக்குச் சொல்லிப்போட்டன். புல்லாங்குழலை இவர் ஐஸ்கிறீம்காரனுக்குக் குடுத்திட்டதாகப் பகிடி விடுறார்.

வீட்டிலயும் நான் விடேல்லை. வேலையால வந்து, மேல் கழுவி, பிளேன்ரீயோட முற்றத்தில இருந்து கதிரையை முதல்ல இருந்து போடுறன். ஆறாவது தொடங்க அக்கா வேலியடிக்கு வந்திடுவா. இப்ப ஓடி வாறேல்லை, மெல்ல நடந்துதான் வருவா. ஆனாலும் கேப்பா.

"யாருங்க?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. நான்தான், வேலையால வந்திட்டன்."