உள்ளங்கைச் சாம்பார்

என் அக்கா அன்புச்செல்வியின் கணவர் வேடியப்பன் திருவண்ணாமலையில் சமையல் மாஸ்டர். ஆயிரம் பேருக்கானாலும் உப்பைக் கையால் அள்ளித்தான் போடுவார். பிறகு கரண்டியில் மொண்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். முப்பது வருடத்தில் உப்பு போதுமா என்று இன்னொருவரைக் கேட்டதில்லை. பன்னிரண்டு வருடமாகக் கூடவே வேலை செய்கிற என்னையும் சேர்த்துத்தான். அந்தக் கர்வம் எனக்குப் பிடிக்காது.

போன ஐப்பசியில் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. இதயம் பலவீனமாகிவிட்டது, உப்பைக் கட்டாயம் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். அன்றிலிருந்து அக்கா ஊறுகாய், அப்பளம், கருவாடு எதையும் வீட்டுக்குள் விடவில்லை. குழம்புக்கு ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். அப்படியிருந்தும் மாசியில் மாமாவின் கால்கள் வீங்கிவிட்டன.

"உப்ப குறைக்கவே இல்லயேம்மா. இப்படியே போனா அடுத்த தடவ காப்பாத்த முடியாது" என்று டாக்டர் அக்காவைத்தான் திட்டினார். அக்கா வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள். மாமா அடுத்த சமையலுக்குக் காய்கறிக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மாதப் பௌர்ணமிக்குச் செங்கம் ரோட்டில் அன்னதானச் சமையல். மாமாவுக்குக் கஞ்சி எடுத்து வந்த அக்கா, அவர் மூன்று அண்டாவிலும் மாறி மாறி மொண்டு நக்குவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"ருசி தானே பாக்குறேன். சாப்புடலயே."

மாமா பொய் சொல்லவில்லை. சமையல்காரர்கள் யாரும் ருசி பார்ப்பதைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. பக்கத்திலேயே நின்ற எனக்கும் அது உறைக்கவில்லை. நாள் முழுக்க அவர் நக்கியதைக் கூட்டினால் இரண்டு டம்ளர் சாம்பாராவது தேறும். டாக்டர் மேலும் மாமா மேலும் கோபப்பட்ட நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

அக்கா கரண்டியைப் பிடுங்கினாள். "இனிமே நான் பாத்து சொல்றேன்." கடைசி அண்டாவில் மாமா பாதி உப்புதான் போட்டிருந்தார். அக்கா வாயில் விட்டுப் பார்த்தாள்.

"சரியா இருக்கு. இதுக்கு மேல போட்டா கரிக்கும்."

நானும் பார்த்தேன். சப்பென்று இருந்தது. மாமா அக்காவையே பார்த்தார்.

"வூட்ல நீ இன்னா சாப்புட்ற?"

"உங்க குழம்பு தான்."

"உனக்குத் தனியா உப்பு போட்டுக்கறேன்னு சொன்னியே?"

"சொன்னேன். உங்களுக்கு மட்டும் உப்பில்லாம போட்டுட்டு எனக்குச் சோறு எறங்கலங்க."

மாமாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அவர் அழுது அன்றுதான் பார்த்தேன். குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்தவர், என்னை அண்டாவின் பக்கம் இழுத்தார்.

"காசி, உப்பு எவ்ளோ போடணும்னு நீயே சொல்லுடா."