கண்டக்டர் கொடுத்த டபுள் விசில்

துரைப்பாண்டி கண்டக்டர் போய்விட்டார்.

நேற்றுச் சாயங்காலம், சின்னமனூரில், அவர் வீட்டில். காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர்... டம்ளர் கீழே விழவில்லையாம். அப்படியே கையில் இருந்ததாம்.

இந்தப் பக்கத்தில் நான் எழுதி அளப்பதில் பாதியை நீங்கள் நம்புவதில்லை, தெரியும். கீழே யானை வருகிற இடத்தை மட்டும் தள்ளிவிட்டு மீதியை நம்புங்கள்.

தேனி - குமுளி ரூட்டின் சக்கரவர்த்தி அவர். ஒற்றை விசில் கொடுத்தால் பஸ் மட்டுமா நிற்கும்? மேகமலையில் யானைக் கூட்டம் நிற்கும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் நின்று, "யாரு இறங்கணும்?" என்று கேட்கும். அவர் டபுள் விசில் கொடுத்த பிறகுதான் சூரியனே நகரும்.

ரிட்டயர் ஆன பிறகு அவர் பார்த்த வேலைக்கு எங்கள் பக்கம் பெயர் கிடையாது. வீட்டில் தனியாக இருக்கும் வயசாளிகளுக்குப் பகலில் துணை இருப்பது. ஊசி, மருந்து எல்லாம் இல்லை... கூட உட்காருவது, பேசுவது, சண்டை போடுவது, சாப்பிட வைப்பது.

ஓடைப்பட்டியில் இருக்கும் என் அண்ணனுக்கு அவரை ஏற்பாடு செய்தது, பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகள். மதினி இறந்த பிறகு அண்ணன் சாப்பாட்டை நிறுத்தியிருந்தார். பேச்சையும். ஒருமுறை வழுக்கி விழுந்ததும் கட்டிலை விட்டு இறங்கவே பயம். எண்பதைத் தாண்டிய மனிதர். நாங்கள் எல்லோரும் மனசுக்குள் நாள் குறித்துவிட்டிருந்தோம்.

கண்டக்டர் வந்தார். கட்டில்தான் தேனி என்றார். ஹால் சின்னமனூர், சமையல்கட்டு கம்பம், கொல்லையில் திராட்சைப் பந்தல் குமுளி.

"குமுளிக்கு டிக்கெட் எடுத்திருக்கீகண்ணே. நடுவுல இறங்கக் கூடாது."

"ஏலே, ஒன் வண்டி எப்பவும் இப்பிடித்தான் ஊருமா?"

"டிரைவர் நீங்கதானண்ணே. நான் வெறும் விசிலு."

அண்ணன் சிரித்தார். கம்பத்தில் வண்டியை நிறுத்தி இட்லி சாப்பிட்டார். அன்றிலிருந்து கண்டக்டர் இல்லாமல் ஒரு வாய் இறங்காது அவருக்கு.

வாசல் கேட்டுக்கு மட்டும் கண்டக்டர் ஊர்ப் பெயர் வைக்கவில்லை. நான் கேட்டதற்கு, "அது நம்ம ரூட்லயே இல்ல" என்றார். சிரிக்கவில்லை.

காலையில் கேட்டுக்கு வெளியே நின்று ஒரு விசில். அண்ணனிடமும் ஒரு விசிலைக் கொடுத்து வைத்திருந்தார். உள்ளேயிருந்து பதில் விசில் வந்தால் நிதானமாக வருவார். வராவிட்டால் கேட்டைத் தாண்டிக் குதிப்பார், அந்த வயதில். சாயங்காலம் கிளம்பும்போது மட்டும் டபுள் விசில். போலாம் ரைட்.

இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. யார் முதலில் போவது என்று.

"நான் மூத்தவன். நாந்தாம்லே முதல்ல."

"கண்டக்டர் ஏறாம வண்டிய எடுக்க மாட்டாகண்ணே. நான் முன்னாடி போயி உங்களுக்குத் துண்டு போட்டு வைக்கேன். ஜன்னலோர சீட்டு."

"மறந்துறாத."

"மறப்பேனா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்...

போன வெள்ளிக்கிழமை காலை நானும் அங்கே இருந்தேன். கேட்டில் கேட்டது டபுள் விசில்.

"ஏலே, வரும்போது எவனாச்சும் டபுள் விசில் குடுப்பானா?" என்று அண்ணன் உள்ளேயிருந்து கத்தினார்.

கண்டக்டர் கையிலிருந்த விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுதானண்ணே அடிச்சேன்" என்றார்.

எங்கள் இரண்டு பேர் காதிலும் இரண்டு விசில்தான் விழுந்தது. பந்தலில் இருந்த குருவிகள் கூட எழுந்து பறந்தன.

இன்று காலை செய்தி வந்ததும் ஓடைப்பட்டிக்கு ஓடினேன். பொய் சொல்வதில் கம்பம் பள்ளத்தாக்கிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது, உங்களுக்கே தெரியும். "கண்டக்டருக்குக் காய்ச்சலாம்ண்ணே, ரெண்டு நாளைக்கு வர மாட்டாக" என்றேன். என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

அண்ணன் தலையணைக்கு அடியிலிருந்து விசிலை எடுத்து ஒன்று அடித்தார்.

காத்திருந்தார். ரோட்டில் லாரிச் சத்தம் கூட இல்லை.

பிறகு இரண்டு அடித்தார்.

யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார். குளித்தார். வெள்ளைச் சட்டை போட்டார். சின்னமனூரில் நிற்கவில்லை. கம்பம் பக்கமே போகவில்லை, அங்கே இட்லி ஆறிக்கொண்டிருந்தது. நேராக வாசலுக்குப் போய்க் கேட்டை விரியத் திறந்து, அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெங்களூரில் இருக்கும் மகள், வாசலில் மாட்டி வைத்திருக்கும் கேமராவில் பார்த்துவிட்டு போன் போட்டாள். "சித்தப்பா, அப்பா ஏன் கேட்டத் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்காக? எங்கிட்டாச்சும் கிளம்புறாகளா?"

போய்க் கேட்டேன். "எங்கண்ணே கிளம்பிட்டீக?"

"துரை துண்டு போட்டிருப்பான்டா."

அவர் பக்கத்தில் வாசல்படியில் உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன். மத்தியானம் ஆகிவிட்டது. பச்சைத் தண்ணீர் கூட வாயில் படவில்லை. கேட்டை மூடவும் விட மாட்டேன் என்கிறார்.

கண்டக்டரே, நல்லபடியாப் போங்க. உங்க விசிலுக்கு நிக்காத வண்டி எங்கயும் கிடையாது.

அந்த ஜன்னலோர சீட்ல வேற யாரையாச்சும் உக்கார வைங்க... துண்ட எடுத்துருங்க.