சோணைமுத்துவின் கொத்துப் பரோட்டாக் கம்பி

எந்திரத்தில் கம்பியை மாட்டியதுமே சோணைமுத்து இரண்டு காதிலும் விரலைத் திணித்துக்கொள்வார். கண்ணும் மூடிக்கொள்ளும். தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் வெடி போட்டுச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். இப்போது சாத்தூர்ப் பக்கம் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில், கம்பியை ஒடியும்வரை இழுத்துப் பார்க்கிற சோதனைக் கூடத்தில் உதவியாள். ஒடிகிற சத்தம் பொட்டு வெடிக்குக்கூடக் காணாது. விரல் கேட்டால்தானே?

இரும்புக் கம்பியின் மேல் அவருக்கு மரியாதை உண்டு. "அது சொல்லிட்டுல்லா ஒடியும். நீளும், இடுப்பு சிறுக்கும், அப்புறந்தான் போகும். இந்தச் சனியன் இருக்கே, ஒரு வார்த்தை சொல்லாது."

சனியன் என்றது டைட்டானியமும் அலுமினியமும் கலந்த உலோகத்தை. விமான எஞ்சினுக்கு ஆகும். எடை குறைவு, செக்கச் செவேலென்று காய்ந்தாலும் தளராது. ஆறிக் கிடக்கும்போதுதான் வம்பு, அப்பளமாக ஒடியும். அதைச் சோதனைக்குக் கம்பியாகக் கடைந்து கொடுப்பது காலேஜ் பட்டறையில் நான் ஓட்டுகிற லேத். ஓரமெல்லாம் தெறித்து என்னைக் கெட்ட வார்த்தை பேசவைத்தது. ஆராய்ச்சி செய்கிற ஹாஃபிஸா மேடம் கலவையில் அலுமினியத்தைப் பாதிக்குக் கொஞ்சம் கீழே இறக்கினார், குரோமியமும் நியோபியமும் துளித்துளி சேர்த்தார், சூடுபண்ணும் பக்குவத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

மைக்ராஸ்கோப்பில் தெரிகிற உள்ளமைப்புக்கெல்லாம் சோணைமுத்து பேர் வைத்துவிட்டார். அடுக்கடுக்காக இருந்தால் பரோட்டா. "சூட்டுக்கு அசையாது, ஆனா நீளாது." மணிமணியாக இருந்தால் உப்புமா. இரண்டும் கலந்து கிடந்தால் கொத்துப் பரோட்டா. "நீண்டா இதுதாம்லே நீளும்" என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார். மேடம் சொல்லித்தான் அவருக்கே தெரியும். அதை மட்டும் சொல்லமாட்டார்.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு கொத்துப் பரோட்டாக் கம்பி. இதுவும் நீளாமல் ஒடிந்தால் ஆராய்ச்சியை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் பிரின்சிபால். அன்றைக்கு நானும் போயிருந்தேன்.

எந்திரம் இழுத்தது. கம்பி நீள்வதை எந்திரம் வரைந்து காட்டுகிற தாளில் கோடு பக்கவாட்டில் நீண்டது, நீண்டுகொண்டே போனது. மேடம் துள்ளிக் குதித்தார். நான் குனிந்து பார்த்தேன். கம்பி நீளவில்லை; பிடியிலிருந்து வழுக்கி வந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க! அண்ணே, இதுல என்னத்தத் தடவுனீக?" மேடம் கத்தினார்.

"எண்ணெதான் மேடம். காலையிலேயே ஊறப் போட்டுட்டேன்."

"எண்ணெயா!"

"விருதுநகர்ல மாவு எண்ணெயில ஊறுனாத்தான மேடம் பரோட்டாவுக்கு இழுவை வருது?"

"இது மாவா அண்ணே?"

"பரோட்டான்னு பேரு வச்சப்ப சிரிச்சீகள்ல? அப்பவே சொல்லியிருக்கணும்."

மேடம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். சோணைமுத்துவுக்கு முகம் சுருங்கிப்போனது. சட்டைத் தும்பால் கம்பியைத் துடைத்தார். குளிப்பாட்டிய பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. மறுபடி மாட்டினார். இரண்டு காதிலும் விரல்.

கோடு நேராக ஏறியது. மற்றதெல்லாம் ஒடிந்த இடம் வந்தது. ஒடியவில்லை. கோடு லேசாகச் சாய்ந்து, பக்கவாட்டில் ஒரு நகத்தளவு நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. மேடம் குனிந்து பிடியைப் பார்த்தார். வழுக்கவில்லை; நீண்டது கம்பிதான்.

சோணைமுத்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அப்புறம், இடது காதிலிருந்து மட்டும் விரலை எடுத்தார்.