அக்கா ஏன் உங்கள் வீட்டுக்கு வரவில்லை

எங்கள் அக்கா சாவகச்சேரியில் பிறந்து, ஒன்பது வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்தவர். மற்றக் கையில் நான். வழி முழுக்க அழுதது நான்தான். அம்மா பொலிதேயாமா அரங்கின் பக்கம் ஒரு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய அம்மணி, வீட்டில் வேலை செய்தார். போர்கோ வெக்கியோ என்ற பழைய குடியிருப்பில் எங்களுக்கு ஒரே அறை. உடுப்புக் காயும் கொடியின் கீழ் இருந்துதான் அக்கா சட்டம் படித்தார். நீதிபதிகளுக்கான தேர்வில் ஒருமுறை தவறி, மறுமுறை தேறினார். கடைசியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார்.

அதன்பின் அக்கா இங்குள்ள எங்கள் சனத்தில் எவர் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. "இஞ்சை எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். இண்டைக்கு ஒருத்தர் வீட்டில சாப்பிட்டிட்டு, நாளைக்கு அவரின்ர வழக்கை நான் எப்பிடிக் கேக்கிறது?" என்பார். என் வீடு மட்டும் விதிவிலக்கு. அதையும் கெடுத்தவன் நான்.

நண்பர் ஒருவரின் மேன்முறையீடு அக்காவின் முன் வந்தது. "நான் ஒரு சொல்லுச் சொல்லுறன்" என்று அவரிடம் மார்தட்டினேன். ஞாயிறு மதியம் அக்கா என் வீட்டில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, எங்கட ஆள் ஒருத்தர்..."

"பேரைச் சொல்லாதை!"

பயம் வந்தால் என் வாய்க்குப் பிரேக் கிடையாது. பேர், தகப்பன் பேர், ஊர், பெண்சாதியின் ஊர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"விசரா! முழுக்க வாசிச்சு வைச்சிருந்தனான். இனி அந்த வழக்கை நான் தொடேலாது."

"அப்ப நான் சொல்லேல்லை எண்டு வைப்பமே?"

"இப்ப பொய்யும் சொல்லச் சொல்லுறாய்," என்று பாதிச் சாப்பாட்டில் எழும்பினார்.

மறுநாளே வழக்கிலிருந்து விலகினார். வேறு நீதிபதிகளிடம் போய் அது இழுபட்டது. முடியும்வரை என் வீட்டுக்கும் வரவில்லை. என் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டுக்குக்கூட. அன்று மண்டபத்தில், "உன்ர கொக்காவுக்குச் சரியான தலைக்கனம்" என்று உங்களிற் சிலர் சொன்னீர்கள். என் குட்டு உடைந்துவிடுமே என்ற நடுக்கத்தில் நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

என் சொல் இல்லாமலே நண்பர் வென்றார். அடுத்த ஞாயிறு அக்கா வாசலில் நின்று, "குழம்பு இருக்கோடா?" என்றார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். "மீன் ஆறப்போகுது" என்றுவிட்டார்.

பிறகு அக்காவுக்கு நோய் வந்தது. அது முற்றி, பதவியை விட்டதும், "இனி எல்லார் வீட்டையும் போகலாமடா" என்று புதுச் சேலை எடுத்தார். இரண்டு வீடுகளுக்குப் போனோம். மூன்றாவது வீடு நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. முதற் படியிலேயே அக்காவுக்கு மூச்சு வாங்கியது. வீட்டார் கதிரையும் தேநீரும் தெருவுக்கே கொண்டு வந்தார்கள். போற வாற சனம் பார்க்க, அக்கா இரண்டு கோப்பை குடித்தார். அதற்குமேல் எங்கும் போக முடியவில்லை.

குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்திலிருந்து என் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, பற்றிக் கடிதம் வந்தால், பிரிக்காமலே அக்காவுக்குப் போன் எடுப்பேன். "முதல் வாசி. பிறகு பயப்படு," என்பார். போன கிழமை ஒன்று வந்தது. இன்னும் பிரிக்கவில்லை. அந்தக் குரலில் ஒருமுறை ஏச்சு வாங்க மாட்டேனா என்று இருக்கிறது.

நாலு மாடி இறங்கி வந்த அந்தக் குடும்பத்துக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறி நின்றவர்களுக்கும், மனத்தாங்கலோடும் இறுதிக் கிரியைக்கு வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா மேல் இன்னும் கோபம் மிச்சமிருந்தால் என்னிடம் தந்துவிடுங்கள். அது எனக்குரியது.

தம்பி